கணபதி பாடு

— பிள்ளை, பரந்தன் சந்தி தாண்டிப் போட்டுது.

— தெரியும் அன்ரி.

— முல்லைத்தீவுக்கு அதிலதானே இடப்பக்கம் திரும்பிறது...

— அந்த றோட்டைக் கிண்டிப் போட்டிருக்கினம். மாங்குளத்தால போவம். கொஞ்சம் சுத்துத்தான், ஆனால் குலுக்காது.

— பலாலியில பிளேனால இறங்கி உன்ர வானில ஏறேக்க ஒண்டும் சொல்லேல்லை நீ.

— ஏறேக்க ஆருக்கும் முழுக்கச் சொல்லுறேல்லை. பயந்திடுவினம்.

— நான் பயப்பிடுற ஆள் மாதிரியோ இருக்கிறன்?

— இல்லை அன்ரி. ரொறன்ரோவில இருந்து தனிய வாற ஆள்... அதில்லை, ஒண்டு கேக்கட்டே?

— கேளன், தாட்சாயினி. அதுதானே உன்ர பேர்?

— ஓம். கடலில குளிக்கத்தானே வந்தனீங்கள்? முல்லைத்தீவுக் கடல் பொல்லாதது. நிலாவெளிக்குப் போனால் தண்ணி முழங்கால் மட்டும்தான். வள்ளத்தில போய் புறாமலைத் தீவு பாக்கலாம், நண்டுக்கறி...

— நண்டு எனக்கு ஒத்துக்கொள்ளாது.

— அப்ப பாசிக்குடா. தண்ணிக்குள்ள கனதூரம் நடக்கலாம்.

— நடக்கிறதுக்கு ரொறன்ரோவில றோட்டு இருக்கு. உதென்ன பிள்ளை, நான் முல்லைத்தீவில அறை போட்டிட்டு வாறன். நீ என்னை இலங்கை முழுக்கக் கொண்டு திரியப் பாக்கிறாய்.

— உங்கட நன்மைக்குத்தான். உந்த 'வாடி' ஹோட்டல் அவ்வளவு...

— அவைதானே உன்னை அனுப்பினது?

— வான் என்ர. ஓட்டம் அவேன்ர.

— பேரைப் பார். வாடியாம். மீன்பிடிக்கிற சனத்தின்ர வாடியெண்டால் கிடுகும் தடியும் போட்ட கொட்டில். இவை கண்ணாடிக் கதவு போட்டு, ஏசி பூட்டி...

— குளிக்கிற தொட்டியும் இருக்கு. கடலைப் பாத்தபடி.

— கடலுக்குப் பக்கத்தில தொட்டிக்குள்ள குளிக்கிற சனம்.

— வெள்ளைக்காரர் விரும்புவினம் அன்ரி. ஆனால் சத்தம். கணபதி பாட்டடியில அலை ஒரே அடி, நித்திரை கொள்ளேலாது...

— என்ன சொன்னனீ?

— அலை...

— அதுக்கு முன்னம்.

— சத்தமெண்டனான்.

— கணபதி பாடு எண்டனீ.

— வாய் தடுமாறிட்டுது.

— தடுமாறின வாயில ஹோட்டல் பேர் வரும், பாடு வராது. கிளிநொச்சிப் பிள்ளை எண்டு சொன்னனீ. கரைவலை இழுக்கிற கரைத் துண்டுக்குப் பாடு எண்டு பேர்... அது கிளிநொச்சியில ஆருக்குத் தெரியும்? அதுவும் எந்தப் பாடு ஆருக்குச் சொந்தமெண்டு?

— உங்களுக்கு என்னண்டு தெரியும் அன்ரி? ரொறன்ரோவிலயும் கரைவலையோ?

— கணபதி என்ர மாமனார். வானை நிப்பாட்டாதை. ஓட்டு.

— அப்ப மனேச்சர் பயந்தது சரிதான்.

— அவன் என்ன சொன்னவன்?

— "விமலேஸ்வரி கணபதி எண்டு ஒராள் வாறா. பேர் சரியில்லை. அறை பிழையாப் பதிஞ்சு போச்செண்டு சொல்லி, நிலாவெளியில எங்கட மற்ற ஹோட்டலில கொண்டுபோய் விடு" எண்டவர்.

— பேர் சரியில்லையாம். ஹோட்டல்காரன் போட்ட கம்பி வேலிக்குள்ள நிக்கிற தென்னையளுக்குத் தண்ணி வாத்த கை இது. சண்டையில ஓடினனாங்கள்தான். ஓடினதெண்டால் விட்டுட்டுப் போனதெண்டு அர்த்தமோ?

— என்னை ஏன் பேசிறியள்?

— உன்னைப் பேசாமல் ஆரைப் பேச? நீதானே பரந்தனைத் தாண்டினனீ.

— சொன்னதைச் செய்யாட்டி ஓட்டத்தை வேற ஆளுக்குக் குடுத்திடுவினம். வவுனியாவில எனக்குத் தெரிஞ்ச ஒராளின்ர வானில உங்களை ஏத்திவிட்டிட்டுத் திரும்ப இருந்தனான். இரவுக்கு எனக்கொரு அலுவல்...

— என்ன அலுவல்?

— சொந்த அலுவல். நீங்கள் சொல்லுங்கோ, அங்க போய் என்ன செய்யப் போறியள்? சண்டை பிடிக்கவோ?

— படுக்கப் போறன்.

— என்ன?

— படுத்து நித்திரை கொள்ளப் போறன். பாடு தெரிஞ்ச உனக்கு நாளைக்கு என்ன நாளெண்டு தெரியாதோ?

— ...முதல் வலை.

— ஓம். இந்த வருசத்து முதல் வலை. முதல்நாள் இரவு பாட்டில ஆர் படுக்கினமோ, அவைக்குத்தான் விடிய வலை போடுற முறை. படுக்க ஆளில்லாட்டி முறை போச்சு. முறை போனால் பாடும் போச்சு. மணலில படுத்தாலென்ன, கட்டிலில படுத்தாலென்ன... படுத்தது படுத்ததுதான்.

— உங்கட காணியில படுக்க நீங்களே காசு கட்டி...

— வேலியால உள்ளுக்கு விடேல்லை. அதுதான் வாசலால போறன். வாற விருந்தாளியைக் கலைக்கேலுமோ?

— விடிய அறையை விடச் சொல்லி வந்து தட்டுவினம்.

— தட்டட்டும். நான் கடலுக்குள்ள நிப்பன்.

— தனியவோ?

— ஆர் சொன்னது தனியவெண்டு? துணுக்காயில இருந்து என்ர மச்சாள் வாறா. செட்டிகுளத்தால பாலன் குடும்பம். ஹவ்வா உம்மான்ர மகன் நஜீம், அவனும் பெண்சாதியோட வாறான். அந்தப் பாடுகளின்ர பழைய சொந்தக்காரர் எல்லாரும் ஆளுக்கொரு அறை போட்டிருக்கிறம். இண்டைக்கு நாங்கள் உல்லாசப் பயணிகள்.

— ஐயோ அன்ரி...

— சிரிக்கிறியோ, அழுறியோ?

— றோட்டைப் பாக்கிறன்.

— வடிவாப் பார். மாங்குளம் வந்திட்டுது. நேர போனால் ஓமந்தை, வவுனியா, உன்ர நிலாவெளி. நீ இடப்பக்கம் திருப்பாட்டி நான் இறங்கி பஸ்ஸில போவன்.

— இவ்வளவு பெரிய பெட்டியோடயோ?

— பெட்டி நிலாவெளியில குளிக்கட்டும். என்ன, திருப்பிறியோ?

— திருப்பிட்டன். ஆடாமல் இருங்கோ. பொழுதுபட முன்னம் போயிடலாம்.

— மனேச்சர் கேட்டால்?

— சொன்னனான், அன்ரி கேக்கேல்லை எண்டுவன். பொய்யில்லையே?

— கெட்டிக்காரி... ஆனால் பிள்ளை, ரெண்டு விசயம்தான் நெஞ்சுக்குள்ள கிடந்து அரிக்குது.

— என்னது?

— கடலுக்குக் கிட்டவா இருக்கிற அறை எங்களுக்குக் கிடைக்கேல்லை. ஆரோ முந்திட்டினம். நடுவில வேற ஆள் படுத்தால் முறை குழம்பும்.

— மற்றது?

— ஆள் இருக்கு. வள்ளம் இருக்கு. வலை இல்லை. எங்கட வலையெல்லாம் அந்தக் கரையிலயே எரிஞ்சு போச்சு. எல்லாரையும் கூப்பிட்டிட்டன்... விடிய வெறுங்கையோட நிண்டால் ஹோட்டல்காரன் சிரிப்பான். எண்டாலும் நான் படுக்கத்தான் போறன்.

— அந்த அறை நான் போட்டது அன்ரி. உங்கட பாட்டுக்கு அடுத்த பாடு எங்கட அப்பான்ர. வலையை அண்ணா லான்ட்மாஸ்ரர் உழவு மெசினில கொண்டுவாறான்... மீன் விழுற மடி மட்டும் பின்னுக்கு, உங்கட பெட்டிக்குக் கீழ கிடக்கு.