தாவாமல் கேட்க வேண்டிய ஆல்பம்

மணிவேலுக்கு எல்லா ஆல்பங்களைப் பற்றியும் ஒரு கருத்து இருந்தது. அந்த வயதில் அது இயல்புதான். கல்லூரியில் எனக்கும் இருந்தது.

நீங்கள் அவனை உயிரோடு பார்த்ததில்லை. அதனால் சொல்கிறேன். வேப்பனப்பள்ளிப் பக்கத்துப் பையன். வீட்டில் மாந்தோப்பு. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஓசூரில் எங்கள் தொழிற்சாலைக்குப் பயிற்சித் தொழிலாளியாக வந்தான். கார் கதவுக்கும் தரைக்கும் தகடு அழுத்தும் பெரிய பிரஸ்கள் எங்களுடையவை. பராமரிப்புப் பிரிவில் எனக்குக் கீழே போட்டார்கள். வேலையைச் சீக்கிரம் கற்றுக்கொண்டான். அவன்மேல் குறை எதுவும் இல்லை. பேச்சுதான் அதிகம்.

பேச்செல்லாம் பாட்டைப் பற்றி. பெங்களூர்ப் பையன்கள் கன்னடமும் தமிழும் கலந்து பாடும் ராப் என்றால் அவனுக்கு உயிர். அதையும் விட்டுவைக்க மாட்டான்.

"பீட்டு செம்ம சார். ஆனா பாடறதெல்லாம் பொய்யி. துப்பாக்கி வச்சிருக்கறேன், நாலு காரு வச்சிருக்கறேங்கறான். நெசத்துல பொம்மசந்திராவுல அவங்கம்மா கூட ரேஷன் கடையில நின்னுட்டிருப்பான்."

பாப் பாட்டுக்கு அவனுடைய அளவுகோல் வேறு. குருபரப்பள்ளியில் கம்பெனி பஸ் ஏறினால் சூளகிரி வருவதற்குள் ஆல்பம் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் அடுத்தது. ஓர் ஆல்பத்தில் மூன்று பாட்டு தேறினால் போதும், மீதியெல்லாம் இடத்தை அடைக்கப் போட்டது என்பான். கடைசியில் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் தருவான்.

ஆபரேட்டர் குருமூர்த்தி அவனைச் சீண்டிக்கொண்டே இருப்பார். "டேய் மணி, உங்க தோப்புல பழத்தக் கடிச்சுக் கடிச்சுப் போடுவியே, பாட்டையும் அப்படியேதான்டா கேக்கற."

"நல்ல பழமா இருந்தா முழுசாத் தின்னுருப்பன்ணா."

நாங்கள் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன்.

என் மனைவி சௌமியா அதே தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் இருந்தாள். கிருஷ்ணகிரியிலிருந்து அந்த பஸ்ஸில்தான் வருவாள். எனக்கு ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் பைக். போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து இறந்துபோனாள். ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். யார்மேலும் எனக்கு வருத்தமில்லை. காரியம் முடிந்ததும் வேலைக்கு வந்துவிட்டேன். சாப்பிட்டேன். தூங்கினேன். நன்றாகத் தேறிவிட்டாய் என்று மேனேஜர் சொன்னார்.

அவளுக்கு ஓர் ஆல்பம் பிடிக்கும். வெளிநாட்டுப் பெண் ஒருத்தி பாடியது. ஒன்பது பாட்டு. ஒரு பாட்டு முடியும் இடத்திலிருந்து அடுத்தது எழும், நடுவே தாவினால் எல்லாம் போய்விடும் என்று சௌமியா சொல்வாள். அவள் போனபிறகு ஒருநாள் டீ நேரத்தில் மணிவேல் அந்தப் பேச்சை எடுத்தான்.

"சார், அக்கா கேக்குமே, அந்த ஆல்பத்த நேத்து மறுபடியும் கேட்டேன். மொத மூணு பாட்டு சூப்பர். நடுவுல தூக்கம் வருது. கடைசிப் பாட்டு சுத்தமா ஆவாது. பத்துக்கு ஆறு."

"ஆறா?" என்றேன்.

"சரி, அக்காவுக்காக ஆறரை."

குருமூர்த்தி சிரிக்க ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பையன் என்னை ஆறுதல்படுத்தத்தான் பேசினான். அது எனக்குத் தெரியும். கோபம் வரவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அவன் சரியாகக் கேட்கவில்லை, ஒருமுறை சரியாகக் கேட்க வைக்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். அது நியாயமான ஆசை.

எங்கள் ஷெட்டின் பழக்கம் ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பிரஸ்ஸுக்குள் ஆள் இறங்கி அச்சைத் துடைக்கும்போது மெயின் சுவிட்சை அணைத்து அதில் தன்னுடைய பூட்டைப் போட்டுச் சாவியைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அதுதான் விதி. உற்பத்தி அவசரத்தில் அது தேய்ந்துவிட்டது. தணிக்கைக்கு ஆள் வரும் நாளில்தான் பூட்டுகள் தொங்கும். மற்ற நாட்களில், ஓட்டப்போகிறவர் வெளியே நின்று கூப்பிடுவார். "ஆள் இருக்கா? யாராத்ரூ இத்தீரா? எவரன்னா உன்னாரா? கோயி ஹை?" தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி. உள்ளே இருப்பவன் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் ஒன்றாவது காதில் விழும், குரல் கொடுப்பான். குரல் வராவிட்டால் உள்ளே யாரும் இல்லை. பூட்டைவிட இது மேல் என்று எல்லோரும் நம்பினோம். அதுவரை யாருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

சௌமியாவின் ஹெட்போன் என்னிடம் இருந்தது. வயர் இல்லாதது, வெளிச் சத்தம் எதையும் உள்ளே விடாதது. பஸ் இரைச்சலுக்காக நான்தான் வாங்கிக் கொடுத்தேன். ஷெட்டில் எல்லோரும் போடும் காதுக் கவசம் போலவே இருக்கும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அன்று காலை பிரஸ்ஸின் பின்பக்கமாக இறங்கப்போன மணிவேலிடம் அதைக் கொடுத்தேன்.

"இது அக்காவோடதாச்சே சார்."

"நீயே வச்சுக்க."

"ஐயோ வேணாம் சார். கேட்டுட்டுக் குடுத்தர்றேன்."

"மொதப் பாட்டுல இருந்து கேளு. தாவக் கூடாது."

"என்ன சார், பரிச்சை மாதிரி சொல்றீங்க." சிரித்தான். "சரி விடுங்க, இந்தத் தடவ ஏழு போட்டர்றேன்."

பாட்டை என் போனிலிருந்து போட்டேன். அவனுடைய போன் என்றால் தாவிவிடுவான்.

குருமூர்த்தி டீ குடிக்கப் போனார். துடைத்து முடித்துப் பையன் போய்விட்டான், ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். பிரஸ்ஸுக்கு முன்னால் நின்று போன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டுகள் ஒவ்வொன்றாக மாறின. பின்பக்கம் இருப்பவன் முன்னால் நிற்பவனுக்குத் தெரியமாட்டான். கடைசிப் பாட்டு தொடங்கியபோது கூப்பிட்டேன். நான்கு மொழியிலும் கூப்பிட்டேன். சத்தமாகவே கூப்பிட்டேன். அடுத்த லைன்காரர்கள் உங்களிடம் அதைச் சொல்லியிருக்கிறார்கள், உண்மைதான். உள்ளிருந்து குரல் வரவில்லை.

அந்த பிரஸ்ஸுக்கு இரண்டு பொத்தான்கள். இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேல் அச்சு இறங்கும். கை தவறி யாரும் ஓட்டிவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். நான் போனை மேசைமேல் வைத்துவிட்டு அழுத்தினேன்.

அவனுடைய அப்பா நாராயணப்பன் மறுநாள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "எம் பையன் வீட்டுக்கு வந்தா உங்களப் பத்தித்தான் சார் பேசுவான். பாவம், தனியா இருக்காருன்னு சொல்லுவான்." அவரைத் தட்டிக் கொடுத்தேன். விபத்து என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். நானும் போட்டேன். அந்த ஹெட்போன் ஏன் என் போனோடு இணைந்திருந்தது என்று விசாரிக்க வந்த நீங்கள் ஒருவர்தான் கேட்டீர்கள்.

டீ நேரத்துப் பேச்சில் ஒன்றை விட்டுவிட்டேன். ஆறரை என்று சொன்னபிறகு அவன் இன்னும் கொஞ்சம் பேசினான்.

"கடைசிப் பாட்ட அக்காவே கேக்காது சார். வந்தாப் போதும், 'அடுத்தத போடுறா'ங்கும். ரெண்டு பேரும் பஸ்ஸுல சிரிச்சுட்டே வருவோம்."

தாவவே கூடாது என்று என்னிடம் சொன்னவள். பஸ்ஸில் ஒரு பையனோடு சிரித்துக்கொண்டு தாவியிருக்கிறாள். தவறாக எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். அவளை அவன் அக்கா என்றுதான் நினைத்தான், அவளும் தம்பி என்றுதான் நினைத்திருப்பாள். ஆனால் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை. இனிப் பார்க்க முடியாது. அவன் பார்த்திருந்தான், அதில் இன்னும் வேண்டுமளவு தன்னிடம் வைத்திருந்தான், டீ குடித்துக்கொண்டே கொஞ்சம் எடுத்து எனக்குக் கொடுத்தான்.

அந்தக் கடைசிப் பாட்டில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஹெட்போனைக் கழற்றி என் பக்கம் நீட்டுவாள். "ஏங்க, ஒரே ஒரு தடவ." அப்புறம் என்பேன். ஒருமுறை முதல் பாட்டைப் பாதி கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன், அவ்வளவுதான். அவள் இறந்தபிறகு அந்த ஆல்பத்தை முதலிலிருந்து உட்கார்ந்து கேட்டவன் மணிவேல்தான்.

நான் இன்னும் கேட்கவில்லை. ஆனால் பத்துக்கு ஆறு என்பது தவறு.