அணையாத வெளிச்சம்

"அரிக்கேன் விளக்குன்னா அணைஞ்சிருக்கும், சித்தப்பா. செல்போன் லைட்டு அணையலையே."

வத்தலக்குண்டிலிருந்து திண்டுக்கல் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் சொன்னாள். பக்கத்தில் ஒரு பெரியவர். அவள் மடியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் தூக்குவாளி.

"பழைய கிணத்துல இறங்கும்போது விளக்கக் கயித்துல விட்டுப் பாக்கணும் தாயி. காத்து இல்லேன்னா அணைஞ்சிரும்."

"வீட்டுல விளக்கு ஏது? என் வீட்டுக்காரரு செல்போன் லைட்டப் போட்டுக் கயித்துல கட்டி விட்டாரு. நல்லாத்தான எரியுதுன்னு இறங்கிட்டாரு."

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"ஆக்சிஜன் போகாம மூளைக்குள்ள நரம்பெல்லாம் வேலைய நிறுத்திருச்சாம். உசுரு இருக்கு. என்னைய அடையாளம் தெரியல."

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவரத் தூக்கையிலயும் கீழ அந்த லைட்டு எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு, சித்தப்பா."