நடுச்சக்கரம்

குக்கர் விசில் அடிக்கும் நேரத்தில் நான் அடுப்பங்கரையில் நிற்பதில்லை. அடிக்கப்போகிறது என்று தெரியும், தெரிந்துதான் பயம். மூடி லேசாக ஆடத் தொடங்கியதுமே அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, "போடா, போய் வாசல்ல நில்லு" என்பாள். நானும் போய் நிற்பேன். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. சிலருக்குக் கரப்பான்பூச்சி ஆகாது, சிலருக்கு ஊசி ஆகாது. எனக்குத் திடீரென்று எது வந்தாலும் ஆகாது.

வாக்குமூலத்தை எழுதியே தரச் சொன்னீர்களே, அது நல்லதாகப் போயிற்று சார். வாயால் சொல்லும்போது யாராவது கதவைச் சாத்தினால் சொல்ல வந்தது மறந்துவிடுகிறது. காலையில் உங்கள் காவலர் தாழ்ப்பாளைப் போட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் சிரித்தார். வேண்டுமென்று செய்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

இந்தப் பயத்தால்தான் எனக்கு வேலையே கிடைத்தது. அக்காவின் வீட்டுக்காரர், அதாவது என் அத்தான், கம்ப்யூட்டர் விளையாட்டுகள் செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் இயக்குநர். 'ஈரச்சுவர்' என்று ஒரு பேய் விளையாட்டைச் செய்துகொண்டிருந்தார்கள். ஆடுபவர் ஒரு பழைய விடுதிக்குள் மாட்டிக்கொள்வார். சுவரெல்லாம் கசியும், கசிவுக்குப் பின்னால் ஏதோ நகரும். விளையாடிப் பார்த்துக் குறை சொல்ல ஆள் வேண்டும் என்று என்னைச் சேர்த்துவிட்டார். சேர்ந்த அன்றே என் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டினார். அது நாடித்துடிப்பைத் திரையில் காட்டும். என் துடிப்பு எகிறினால் அந்தக் காட்சி விளையாட்டில் தங்கும், எகிறாவிட்டால் வெட்டிவிடுவார். "மாப்ள, உலகமே பயப்படணும்னா முதல்ல நீ பயப்படணும். நீதான் எங்க மீட்டர்" என்பார். அன்றிலிருந்து ஆபீசில் என் பெயர் மீட்டர். காபி கொண்டுவரும் பெண்கூட "மீட்டர் அண்ணே" என்றுதான் கூப்பிடுவாள்.

பட்டையைக் கழற்றிய பிறகும் அத்தானுக்குச் சோதனை முடியாது. கழிப்பறையிலிருந்து வெளியே வந்தால் கதவுக்குப் பின்னால் நிற்பார். காரில் ஏறினால் பின்சீட்டிலிருந்து எழுவார். ஒருநாள் ஒலிப்பதிவு அறையில் என்னை வைத்துப் பூட்டி விளக்கை அணைத்துவிட்டார். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய அறை அது. கத்தினால் குரல் வாயை விட்டு வெளியே போனதாகவே தெரியாது. எவ்வளவு நேரம் கத்தினேனோ, கடைசியில் அவரே வந்து திறந்தார். அவர் அதைப் பதிவு செய்திருந்தார். 'ஈரச்சுவ'ரில் மாடிப்படி ஏறும்போது ஓர் அலறல் கேட்குமே, அது என்னுடையது. உங்கள் மகன் விளையாடியிருக்கிறான் என்று சொன்னீர்கள். அப்படியானால் உங்கள் வீட்டிலும் நான் கத்தியிருக்கிறேன்.

நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பத்துப் பேர் சிரிக்கும் இடத்தில் ஒருவன் மட்டும் அழுதுகொண்டிருந்தால் நன்றாக இருக்காது. ஆனால் எனக்குத் தூக்கம் போயிற்று. அக்கா வீட்டு மாடியறையில்தான் குடியிருந்தேன். படியில் கால் வைக்கும் முன் மேலே பார்ப்பேன், கீழே பார்ப்பேன், கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கமும் எட்டிப் பார்ப்பேன். அத்தான் பயமுறுத்தாமல் விட்ட நாட்கள்தான் மோசம். இன்னும் வரவில்லையே, எங்கே வைத்திருக்கிறாரோ என்று ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்துக்கொண்டே இருப்பேன்.

முதல் பாகம் நன்றாக ஓடியது. இரண்டாம் பாகம் செய்வது என்று முடிவானதும் நான் முதலாளியம்மாவிடம் தனியாகப் போய்ப் பேசினேன். வாழ்க்கையில் நான் செய்த ஒரே துணிச்சலான காரியம் அதுதான். விளையாடுபவர்களில் பாதிப் பேர் பயந்துபோய் நடுவிலேயே நிறுத்திவிடுகிறார்கள், இந்த முறை பயமுறுத்தாமல் புதிர்களாக வைத்தால் கடைசிவரை ஆடுவார்கள் என்றேன். அந்த அம்மாள் சரி என்றார். அத்தானால் தாங்க முடியவில்லை. "பேய் வீட்டுக்கு வர்றவனை உக்கார வச்சுக் கணக்குப் பரீட்சை எழுதச் சொல்றியாடா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் புதிர் என்றுதான் முடிவாயிற்று. அதை உருவாக்கும் பொறுப்பும் என்னிடம் வந்தது.

அந்த மாதங்களைப் போல் நான் எப்போதும் நிம்மதியாக இருந்ததில்லை. அதே விடுதி, அதே கசியும் சுவர்கள், ஆனால் எதுவும் பாய்ந்து வராது. ஆடுபவர் மேசையில் உட்கார்ந்து நிதானமாக யோசிக்கலாம். நான் வைத்துக்கொண்ட விதி எளிது. பூட்டைத் திறக்கத் தேவையான எல்லாம் அந்த அறைக்குள்ளேயே இருக்க வேண்டும். ஆடுபவரை ஏமாற்றக் கூடாது. ஒரு புதிரை வெளியே விடும் முன் நானே என் கையால் திறந்து பார்த்துவிடுவேன், திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவன் என்று முதலாளியம்மாவே பாராட்டியிருக்கிறார்.

எல்லாரும் ரசித்தது எழுத்துப் பெட்டிதான். மூன்று சக்கரங்கள், சுற்றி மூன்றெழுத்துச் சொல்லைச் சேர்த்தால் திறக்கும். நம் எழுத்து முழுவதையும் ஒரு சக்கரத்தில் ஏற்ற முடியாதல்லவா? அதனால் சக்கரத்துக்குப் பத்து எழுத்து என்று நான் பொறுக்கி எடுத்தேன். எப்படிச் சுற்றினாலும் ஏதாவது ஒரு சொல் வந்து ஆசை காட்டும்படி பொறுக்குவதில்தான் வேலையே இருக்கிறது. விளம்பரத்துக்காக ஒரு தச்சரிடம் நிஜமாகவே ஒரு பெட்டி செய்யச் சொன்னோம். தேக்கு மரம், உள்ளே இரும்புத் தகடு, நல்ல கனம். எழுத்துகளை மட்டும் நானே வெட்டி ஒட்டுகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். மூடியை அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும், ஆனால் பின்னால் காந்தம் வைத்து ஒட்டிய மூன்று எழுத்துகளும் நேராக வந்தால்தான் திறக்கும்.

வேலை முடியும் தறுவாயில் கடைசி அறையைச் சோதித்துக்கொண்டிருந்தேன். கடைசிப் புதிரை அவிழ்த்ததும் கதவு திறக்கும், வெளிச்சம் வரும், அவ்வளவுதான். நான் எழுதி வைத்தது அது. கதவு திறந்தது. அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தேன். காதுக்குள் ஒரு குழந்தை வீறிட்டது.

ஹெட்போனைப் பிய்த்து எறிந்துவிட்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டேன். அங்கே உட்கார்ந்த பிறகுதான் அது யார் குரல் என்று புரிந்தது. எங்கள் பாப்பா. அக்கா மகள், இன்னும் பள்ளிக்கூடம் போகத் தொடங்காதவள். கொஞ்ச நாளாக அவள் கழிப்பறைக்குத் தனியாகப் போக மறுக்கிறாள், ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் எட்டிப் பார்க்கிறாள் என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். மாமனைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள் என்று என்னைத்தான் திட்டினாள்.

அத்தானிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"அலமாரிக்குள்ள ஒளிஞ்சிருந்தேன் மாப்ள. அவ வந்து கதவைத் திறந்தா பாரு, என்ன சத்தம்! பெரியவங்களுக்கு அது வராது. இன்னும் ரெண்டு மூணு தடவை எடுத்தாத்தான் சரியா அமையும்."

"அவ குழந்தை அத்தான்."

"நீயும்தான் குழந்தை. உனக்கு என்ன ஆயிடுச்சு? நல்லாத்தானே இருக்க?"

நான் என் மேசைக்குத் திரும்பினேன். கோபப்படவில்லை. எனக்குக் கோபம் அவ்வளவு சுலபமாக வருவதில்லை சார், எல்லாமே பயமாகத்தான் வருகிறது. அக்காவிடம் சொல்லியிருக்கலாம், முதலாளியம்மாவிடம் சொல்லியிருக்கலாம் என்றீர்கள். சொல்லியிருக்கலாம்தான். எனக்கு வேறு ஒன்று தோன்றியது.

அடுத்து வந்த விடுமுறை நாளில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பெட்டி தயாராகிவிட்டது, திறந்து பாருங்கள் என்று அவரை ஆபீசுக்குக் கூப்பிட்டேன். என் புதிர்களை ஒரு நிமிடத்தில் உடைத்துவிட்டு என்னைக் கேலி செய்வதில் அவருக்கு அலாதி மகிழ்ச்சி. உடனே வந்தார். பெட்டியை ஒலிப்பதிவு அறை மேசையில் வைத்திருந்தேன். அந்த அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பது அவரே போட்ட சட்டம், வெளியே வைத்துவிட்டு உள்ளே போனார். நான் கதவைச் சாத்தினேன். உள்பக்கப் பிடி எப்போதோ கழன்றுவிட்டது. மாட்டச் சொன்னால், "இருக்கட்டும்டா, உதவும்" என்பார்.

விளக்கை நான் அணைக்கவில்லை, தட்டவில்லை, கத்தவில்லை. அந்த அறைச் சுவரில் பதித்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம், அவர் பார்க்கும் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அறையையும் முன்கூட்டியே பெருக்கி வைத்திருந்தேன். சுவர்ப் பஞ்சையெல்லாம் நன்றாகத் தட்டினேன், தரைவிரிப்பை உள்ளேயே உதறினேன். தூசி கொஞ்சம் கிளம்பியது. அத்தானுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. மேசை இழுப்பறையில் எப்போதும் ஓர் இன்ஹேலர் வைத்திருப்பார். அது பெட்டிக்குள் இருந்தது.

பெட்டி மேல் குறிப்பு எழுதி ஒட்டியிருந்தேன்: 'நீங்கள் எனக்குத் தினமும் கொடுத்தது.'

அவர் படித்துவிட்டுச் சிரித்தார். முதலில் 'பணம்' என்று சேர்த்தார். சம்பளம் வாங்கிக்கொடுத்தவர் அல்லவா, நியாயமான ஊகம்தான். திறக்கவில்லை. 'பலம்' என்று சேர்த்தார். அதற்கு எனக்கே சிரிப்பு வந்தது. பிறகு 'படம்', 'பழம்', 'பதம்'. அதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. சட்டைப்பையைத் தடவினார், கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மாப்ள, கதவைத் திற. இழுக்குது."

மைக்கில் சொன்னேன். "மருந்து பெட்டிக்குள்ள இருக்கு அத்தான். நிதானமா யோசிங்க. அவசரப்பட்டா வராது."

ஆடுபவருக்குத் தேவையான எல்லாம் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்றேன் அல்லவா? இருந்தது.

அவர் கதவைத் தோளால் இடித்தார். என்னைத் திட்டினார், பிறகு கெஞ்சினார். பாப்பாவை இனிமேல் ஒன்றும் செய்ய மாட்டேன், அந்தச் சத்தத்தை எடுத்துவிடுகிறேன், உன் காலில் விழுகிறேன் என்றார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் பெட்டி கேட்டது ஒரு சொல். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு அதையும் சொன்னார். மூச்சு மேலே மேலே வாங்கிக்கொண்டிருந்தது, ஒவ்வோர் எழுத்தாகத்தான் வந்தது. "பயம்டா. பயம்தானே?" என்றார். நான் தலையாட்டினேன். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன், புதிர் அவிழும்போது எல்லார் முகத்திலும் வருவதுதான். பெட்டியை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு நடுச்சக்கரத்தைச் சுற்றத் தொடங்கினார். சுற்றினார். மறுபடி முதலிலிருந்து சுற்றினார். உதடு நீலம் பாரித்த பிறகும் விரல் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியாக நிமிர்ந்து கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். என் கையில் பட்டை இல்லை. கட்டியிருந்தால் அன்று என் துடிப்பு எகிறியிருக்காது.

அசைவு நின்று வெகுநேரம் கழித்து நான்தான் கதவைத் திறந்து ஆம்புலன்சைக் கூப்பிட்டேன்.

நேற்று அக்காவைப் பார்க்க விட்டீர்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள். அடிப்பாள் என்று பயந்தேன், அடிக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அவரு பயந்தாராடா?"

"இல்லக்கா. பயமுறுத்தவே இல்ல. வெறும் புதிர்தான்."

அவள் பேயறைந்தாற்போல் என்னையே பார்த்தாள். பிறகு ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகர்ந்து போனாள். எனக்கு முதுகைக் காட்டவே இல்லை. அதிலிருந்து எனக்குப் பழைய பயம் திரும்பிவிட்டது. இந்த அறையில் ஒளிய இடமே இல்லை, ஆனாலும் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

அக்கா போன பிறகு அந்தப் பெட்டியை என் முன்னால் வைத்துத் திறக்கச் சொன்னீர்கள். முதல் சக்கரத்தில் 'ப' வைத்தேன், கடைசிச் சக்கரத்தில் 'ம்' வைத்தேன். நடுச்சக்கரத்தை நீங்களே ஒவ்வொன்றாகச் சுற்றிக் காட்டினீர்கள். ண, ல, ட, ழ, த, க, ர, ச, வ, ள. பிறகு மறுபடி ண. அவசரத்தில் விட்டுப்போயிருக்கும் என்று நான் சொன்னதை எழுதிக்கொண்டீர்கள். எல்லாப் புதிரையும் திறந்து பார்க்கிறவன் இதை மட்டும் ஏன் திறந்து பார்க்கவில்லை என்று கேட்டபோது, மறந்துவிட்டேன் என்றேன்.

அந்த இரண்டு வரிகளையும் அடித்துவிடுங்கள் சார். சக்கரத்தில் ஒட்ட எழுத்துகளை வெட்டிய அன்று எனக்கு எந்த அவசரமும் இல்லை. 'ய' நான் வெட்டவே இல்லை.