பெட்டிக்குள் நாலு டிகிரி

எனக்குக் குளிர்ந்த தண்ணீர் ஒத்துக்கொள்ளாது, மச்சான். இரண்டு மடக்கு குடித்தாலே தொண்டை கட்டிக்கொள்ளும். ஐஸ்கிரீமைக்கூட உருகவிட்டுத்தான் சாப்பிடுவேன். அதனால் இந்தப் பெட்டியை நான் என் ஆசைக்குச் செய்துகொண்டேன் என்று உங்கள் தங்கை ஃபோனில் சொல்லியிருந்தால், அது நாக்கில் நரம்பில்லாத பேச்சு. செய்தது அத்தனையும் உங்கள் அப்பாவுக்காக.

பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். தோளில் இருக்கும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "நடந்ததை நடந்தபடி சொல்லுங்க மாப்ள, அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்கிறீர்கள். சொல்கிறேன். பூசி மெழுகுகிற பழக்கம் என்னிடம் இல்லை. பெட்டியும் நம் இரண்டு பேருக்கும் நடுவில்தான் இருக்கிறது. மூடி மேலே சின்னதாக ஒரு தெர்மாமீட்டர் தெரிகிறதா? முள் எங்கே நிற்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமாவின் ஆசை உங்களுக்குத் தெரிந்ததுதான். சர்வீஸ் முழுக்க அந்த ஏரிக்கரை வழியாக பஸ் ஓட்டியவர். அங்கே ஸ்டாப்பிங் கிடையாது என்பதால் ஒரு நாளும் வண்டியை நிறுத்தியதில்லை. ரிட்டயர் ஆனபிறகு அந்தக் கரையில் ஒரு டென்ட் போட்டு, தூண்டிலோடு உட்கார்ந்து, ஒரே ஒரு மீன் பிடித்துவிட வேண்டும் என்றார். முழங்கால் வலியை அவர் பொருட்படுத்தவில்லை. குறுக்கே நின்றது சர்க்கரைக்குப் போடும் ஊசி மருந்து. அதைக் குளிரில் வைக்க வேண்டும். குளிரில் வைக்கிற வசதி ஏரிக்கரையில் ஏது? அதனால் அவருடைய ஆசை ஃப்ரிட்ஜ் இருக்கிற அறையைத் தாண்டாமல் கிடந்தது.

"சோலார்ல ஓடற சின்ன ஃப்ரிட்ஜ் விக்குதாமே, ஒண்ணு வாங்கினா என்னங்க?" என்றாள் உங்கள் தங்கை. கடையில் போய் விசாரித்தேன். அது கையைக் கடிக்கிற விலை இல்லை, கையையே கழற்றி எடுத்துக்கொள்கிற விலை. குளிர்பதனக் கிடங்கில் இத்தனை வருஷமாக சூப்பர்வைசராக இருக்கிறவன், ஒரு பெட்டியைக் குளிர வைக்கத் தெரியாமல் கடைக்காரனுக்கு அழுவதா? நானே செய்கிறேன் என்றேன்.

என் வேலையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. எங்கள் கிடங்கில் உள்ளே என்ன சரக்கு இருக்கிறது என்று என்னை யாரும் கேட்டதில்லை. முள் எங்கே நிற்கிறது என்றுதான் கேட்பார்கள். நாலில் நின்றால் நான் நல்லவன், ஐந்தில் நின்றால் விளக்கம் சொல்ல வேண்டும். கதவைத் திறந்தால் முள் ஏறும், சூடான சரக்கை உள்ளே விட்டாலும் ஏறும். ஆகவே கதவைத் திறக்காமல் இருப்பதும், சூடான சரக்கை வெளியிலேயே காக்க வைப்பதும்தான் என் திறமை. ஒரு தடவை லோடு ஏற்றுகிறவர் ஒருவர் உள்ளே மாட்டிக்கொண்டார். முள் அப்போதுதான் நாலுக்கு இறங்கியிருந்தது. கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் திறந்தேன். வெளியே வந்ததும் என் ஸ்வெட்டரைக் கொடுத்தேன். அவர் இப்போது செங்கல் சூளையில் வேலை பார்க்கிறார், சந்தோஷமாக இருக்கிறார் என்று கேள்வி.

பெட்டியை ஒரு மீன் வியாபாரியிடம் பழையதாக வாங்கினேன். கம்ப்ரசர் நன்றாக இருந்தது, வாசனைதான் போகவில்லை. மூடியின் ரப்பரை மாற்றினேன். சுற்றிலும் தெர்மோகோல் ஒட்டினேன். சோலார் பேனல், கழற்றிப் போட்ட ஒரு தெருவிளக்கிலிருந்து வந்தது. வயரில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. மெல்லிய வயர் போட்டால் பாதி கரண்ட் வழியிலேயே செத்துப்போகும்.

பேட்டரிதான் பட்ஜெட்டில் இடித்தது. நல்ல பேட்டரி ஒன்று வீட்டிலேயே சும்மா இருந்தது. சும்மா என்றால், மாமா கடைத்தெருவுக்குப் போகிற மூன்று சக்கர வண்டியில் இருந்தது. கழற்றிக்கொண்டேன். "வண்டி எங்க மாப்பிள்ளை?" என்று கேட்டார். மெக்கானிக்கிடம் இருக்கிறது என்றேன். அந்த மெக்கானிக் நான்தான் என்பதால் அதைப் பொய் என்று சொல்ல முடியாது. சில வாரம் அவர் ஜன்னலோரமே உட்கார்ந்திருந்தார். பயணத்துக்கு முன்னால் நல்ல ஓய்வு என்று நினைத்துக்கொண்டேன்.

மொட்டை மாடியில் வைத்து முதல் தடவை ஓட்டிப் பார்த்தேன். மதியத்துக்குள் முள் நாலில் வந்து நின்றது. உண்மையைச் சொன்னால் எனக்குக் கண் கலங்கிவிட்டது, மச்சான். கல்யாணத்தன்றுகூட அப்படி ஒரு சந்தோஷம் வரவில்லை. இதை உங்கள் தங்கையிடமும் சொன்னேன். ஏன் அன்று முழுக்க அவள் பேசவில்லை என்று தெரியவில்லை.

கிளம்புகிற காலையில் அவள் வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்து மருந்துப் பையை எடுத்து என் கையில் கொடுத்தாள். "மறக்காம உள்ள வெச்சிருங்க." சரி என்றேன். தண்ணீர் பாட்டில், பழம் எல்லாம் கொண்டுவந்தாள். அதெல்லாம் வேண்டாம், மருந்துக்கு மட்டும்தான் பெட்டி என்று கறாராகச் சொல்லிவிட்டேன். மாமாவுக்கு என் மேல் அன்றைக்கு வந்த மரியாதையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "எனக்காக எவ்வளவு மெனக்கெட்டிருக்கார் பாரு" என்று உங்கள் தங்கையிடம் சொன்னார்.

ஏரிக்கரையில் எல்லாரும் மரத்தடியில்தான் டென்ட் போடுகிறார்கள். நிழலில் பேனல் வேலை செய்யாது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. நாங்கள் வெட்டவெளியில் போட்டோம். பெட்டியை மட்டும் டென்டுக்குள், நிழலில் வைத்தேன். பேனலை நிற்க வைப்பதில்தான் சிக்கல். ஸ்டாண்டு தனியாக விற்கிறார்கள், அநியாய விலை. கல்லை முட்டுக் கொடுத்தேன், காற்றில் சாய்ந்தது. அப்போதுதான் மாமாவைப் பார்த்தேன். மடக்கு நாற்காலியில் தூண்டிலோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார். அகலமான முழங்கால். அதுவும் வலியால் அதிகம் ஆடாத முழங்கால்.

"மாமா, இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கங்க."

கடையில் விற்கிற ஸ்டாண்டை விட அவர் எவ்வளவோ மேல். சூரியன் நகர நகர, நாற்காலியோடு அவரைத் திருப்பி வைப்பேன். தண்ணீர் கேட்டால் கொடுப்பேன். ஒரு கட்டத்தில் அவரே, "மாப்பிள்ளை, இந்தப் பக்கம் வெந்துருச்சு, அந்தப் பக்கம் திருப்புங்க" என்றார். எவ்வளவு ஒத்துழைப்பு பாருங்கள். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். உங்கள் தங்கைதான் துண்டை நனைத்து அவர் தலையில் போட்டு, என்னை வாய்க்கு வந்தபடி பேசினாள். துண்டின் ஓரம் பேனல் மேல் விழுந்து நிழல் தட்டியது. எடுக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

சாயங்காலம் தூண்டில் இழுத்தது. நல்ல கனமான மீன், கம்பு வளைந்துவிட்டது. மாமா "ஆங்" என்று ஒரு சத்தம் கொடுத்து, பேனலை விட்டுவிட்டுக் கம்பைப் பிடித்தார். பேனல் கவிழ்ந்தது. நான் முள்ளைப் பார்த்தேன். அது நாலைத் தாண்டி ஒரு மயிரிழை நகர்ந்ததுபோல் இருந்தது. கம்பை அவர் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்தேன். மீன் போய்விட்டது. அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் மருந்தா மீனா என்று வந்தால் குடும்பப் பொறுப்பு உள்ளவன் என்ன செய்வான்?

ஊசி போடுகிற நேரம் வந்தால் உங்கள் தங்கை பெட்டிப் பக்கம் வருவாள். நான் குறுக்கே நின்றுகொள்வேன். "நீ தொடாதே, உனக்கு மூடத் தெரியாது. நானே கொண்டுவர்றேன்" என்று சொல்லி, அவளை மாமாவின் கையைத் துடைக்க அனுப்பிவிட்டு, காருக்குப் போய் மருந்தை எடுத்து வருவேன்.

ஒரு தடவை அவள் மருந்தைக் கையில் வாங்கிப் பார்த்து, "என்னங்க இது, வெதுவெதுன்னு இருக்கு?" என்றாள். வெளியே எடுத்தால் அப்படித்தான், ஏரிக்காற்று அப்படி என்றேன். அவள் நம்பினாள். இருபது வருஷம் குளிர் வேலை பார்த்தவன் சொன்னால் நம்பத்தானே வேண்டும்.

மறுநாள் மாமாவுக்கு நாக்கு வறண்டது. எவ்வளவு தண்ணீர் கொடுத்தாலும் போதவில்லை. அடிக்கடி எழுந்து ஒதுங்கப் போனார். ஒவ்வொரு தடவையும் பேனல் சும்மா கிடந்தது. கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். மதியத்துக்கு மேல் கண் இருட்டுகிறது என்று நாற்காலியிலேயே சரிந்தார். பேனலை நான் பிடித்துவிட்டேன். மாமாவை உங்கள் தங்கை பிடித்தாள்.

"வண்டிய எடுங்க! ஆஸ்பத்திரிக்குப் போகணும்!" என்றாள்.

எடுக்கத்தான் போனேன். மேகம் கட்டத் தொடங்கியிருந்ததால், பெட்டியை முன்னாலேயே காரின் பின் சீட்டில் ஏற்றி, கார் சாக்கெட்டில் மாட்டி, பெல்ட் போட்டு வைத்திருந்தேன். மாமாவைப் படுக்க வைக்கவும் பின் சீட்டுதான் வேண்டும். முன் சீட்டில் அவரால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. பெட்டியை இறக்கினால் வயரைப் பிடுங்க வேண்டும். பிடுங்கினால் முள் ஏறும். கிடங்கில் கரண்ட் போனால்கூட நான் இப்படித் தவித்ததில்லை. சரியாக யோசிக்க ஒரு நிமிஷம் வேண்டும் என்றேன். அதற்குள் ஏரியில் மீன் பிடிக்கிற படகுக்காரர் ஒருவர் தன் லோடு ஆட்டோவைக் கொண்டுவந்துவிட்டார். வலையின் மேல் மாமாவைப் படுக்க வைத்துக்கொண்டு அவளும் ஏறிப் போனாள். வலை மெத்தென்றுதான் இருக்கும். நானும் பின்னாலேயே பெட்டியோடு போனேன். கம்ப்ரசருக்குக் குலுக்கல் ஆகாது என்பதால் கொஞ்சம் மெதுவாகப் போனேன்.

டாக்டர் மருந்தைக் கேட்டார். கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதை எங்கே வைத்திருந்தீர்கள்? அடுப்பிலா?" என்றார். உங்கள் தங்கை, ஃப்ரிட்ஜில் என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். அவளும் என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் உங்களுக்கு ஃபோன் போட்டாள் என்று நினைக்கிறேன்.

அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். மருந்து காரின் டேஷ்போர்டு அறையில் இருந்தது. கிளம்பின காலையிலிருந்தே அங்கேதான். பெட்டியைக் காரில் ஏற்றி முடிப்பதற்குள் அந்தப் பை லேசாகச் சூடேறியிருந்தது, மச்சான். சூடான சரக்கை உள்ளே விட்டால் முள் ஏறும். முள் நன்றாக நிலைக்கட்டும், பிறகு வைக்கலாம் என்று இருந்தேன். நிலைத்த பிறகு, இவ்வளவு நன்றாக நிலைத்ததை ஏன் கலைக்க வேண்டும் என்று இருந்தேன். பழம், பாட்டில், மருந்து எதுவும் அதற்குள் போனதில்லை. மாடியில் முதல் முறை மூடினேனே, அன்றிலிருந்து இந்த மூடி திறக்கப்படவே இல்லை.

மாமாவுக்கு ஒன்றுமில்லை, கவலைப்படாதீர்கள். புது மருந்து போட்டார்கள், தெளிந்துவிட்டார். நாளைக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நான் போய் நின்றதும் கண்ணைத் திறந்து, "டிகிரி எவ்வளவு மாப்பிள்ளை?" என்று கேட்டார். நாலு மாமா, ஏறவே இல்லை என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் கட்டிலே ஆடியது. உங்கள் தங்கை அழுதாள். இந்தக் குடும்பத்தில் என் அருமை தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

அவரை வெயிலில் உட்கார வைத்தது நான்தான். அவர் வண்டியின் பேட்டரியைக் கழற்றியது நான். கையில் வந்த மீனைப் போகவிட்டது நான். மருந்தை வேகவிட்டதும் நான். எதையும் மறுக்கவில்லை. ஆனால் இவ்வளவும் செய்து ஒரு குளிரைக் காப்பாற்றியிருக்கிறேன், அதை யாரும் பேசுவதில்லை. அடுத்த தடவை ஏரிக்குப் போகும்போது மருந்துக்குப் படகுக்காரரிடம் ஒரு ஃபிளாஸ்க் ஐஸ் வாங்கிக்கொள்ளலாம், மலிவாகத்தான் தருகிறார். பெட்டியை நான் பார்த்துக்கொள்வேன்.

ஏன் எழுந்திருக்கிறீர்கள்? பையைக் கீழே வைத்துவிட்டு எதற்கு இந்தப் பக்கம் குனிகிறீர்கள்? உள்ளே ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேனே. வேண்டாம், மச்சான். மூடியை மட்டும் திறக்காதீர்கள், உள்ளே இருப்பது வீணாகிவிடும்.