மெமரிக்குள் எட்டிப் பார்த்தவன்

— மூணு தடவை, மாப்ள. நேத்து சாயங்காலம் ஒண்ணு, இன்னிக்கு எட்டு மணிக்கு ஒண்ணு, ஒன்பதரைக்கு ஒண்ணு. ஆஸ்பத்திரி லேப் ரிசல்ட் வெச்சிருக்கற சர்வர் மெஷின் ஓடிக்கிட்டிருக்கும்போதே பொத்துன்னு விழுது.

— எந்திரிச்சிடுச்சுல்ல? விடுங்க மச்சான். வாங்க, சாப்பிடப் போலாம்.

— உக்காரு. ஏன் விழுந்துச்சுன்னு மூணு மணிக்குள்ள நான் எழுதிக் குடுக்கணும்.

— கரண்டு, இடி, மழைன்னு ஏதாவது எழுதுங்க. உங்களுக்கா கதை விடத் தெரியாது?

— காலை ஆட்டாத. டேபிள் ஆடுது.

— டேபிளுக்கு ஒரு கால் குட்டை. பழியை என் மேல போடாதீங்க.

— யாரோ உள்ளேர்ந்து எட்டிப் பாத்திருக்காங்க.

— நான் இல்ல.

— எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைங்கிற! உன்னைக் கேட்டேனா?

— இல்ல... பொதுவா சொன்னேன். அந்த மெஷினைத்தான் சீல் வெச்ச பெட்டி மாதிரி பூட்டி வெச்சிருக்கீங்களே. மெமரி பூரா ரகசிய எழுத்து. சர்வரை வாடகைக்கு விட்டவனாலயே பாக்க முடியாது.

— வெளியேர்ந்துதான் முடியாது. உள்ளே ஒரு பழைய வழி இருக்கு. ரூட் பாஸ்வேர்டு, அதான் மெஷினோட மாஸ்டர் சாவி, வெச்சிருக்கறவன் எந்த புரோகிராமையும் கேக்காம, நேரா மெமரியைப் படிக்கலாம்.

— ஓ...

— ஆனா அப்படிக் கை வெச்சா, பூட்டுக்குக் காவல் இருக்கற சிப்பு திருடன் புகுந்துட்டான்னு நினைச்சு மொத்த மெஷினையும் சாய்ச்சிடும். என்ன 'ஓ'? இது உனக்குத் தெரியாதாக்கும்?

— தெரியும்... கொஞ்சம்.

— பாஸ்வேர்டு எத்தனை பேர்கிட்ட இருக்கு?

— மூணு பேர்.

— ஒருத்தர் ஒரு வாரமா லீவு. ஒருத்தன் நான்.

— மச்சான், அந்த ஜன்னலைத் திறக்கவா? புழுங்குது.

— ஏசி ஓடிக்கிட்டிருக்கு. உக்காருன்னு சொன்னேன்ல... யாரு போன்ல?

— உங்க தங்கச்சிதான். மெசேஜ்.

— எப்படி இருக்கா?

— ஏன், நல்லாத்தானே இருக்கா.

— கழுத்துல அந்தக் கட்டியைக் கண்ட நாள்லேர்ந்து, அவ பேரைச் சொன்னாலே உன் மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி ஆயிடும். டாக்டர் இன்னிக்கு நாலு மணிக்குத்தான் ரிசல்ட் சொல்றேன்னிருக்காரு. நீ என்னடான்னா சிரிச்சுக்கிட்டுத் திரியற.

— சிரிக்கக் கூடாதா?

— மாப்ள.

— சொல்லுங்க.

— அந்த மெஷின்லதான் அவ ரிசல்ட்டும் இருக்கு. நேத்து மத்தியானமே லேப்ல ஏத்திட்டாங்க. சாயங்காலம் மெஷின் முதல் தடவையா விழுது.

— சரி... நான்தான்.

— வேலியே பயிரை மேஞ்சா நான் என்னத்தைன்னு எழுதுவேன்? ஊர் ஜனங்களோட வியாதி பூரா அதுக்குள்ள இருக்குடா! உன் பொண்டாட்டிது மட்டுமா இருக்கு?

— திட்டுங்க. வேலையை விட்டே தூக்குனாலும் சரி. பத்து நாளா அவ ஒரு இடத்துல உக்காரல மச்சான். அடுப்புல பால் பொங்கி வழியுது, இவ கழுத்தைத் தடவிப் பாத்துக்கிட்டு நிக்கறா. நான் எப்படிச் சும்மா இருக்கறது?

— எனக்கு மட்டும் என்ன? என் கூடப் பொறந்தவடா.

— அப்ப கேளுங்க. அவளுக்கு ஒண்ணுமில்ல.

— என்ன?

— கேன்சர் இல்ல. பாத்துட்டேன்.

— நிஜமாவா?

— என் ரெண்டு கண்ணால பாத்தேன்.

— டேய்... என் வயித்துல பாலை வார்த்தடா. இரு, இரு... அந்தத் தண்ணி பாட்டிலை எடு.

— அழாதீங்க மச்சான். கண்ணாடி வழியா எல்லாரும் பாக்கறாங்க.

— யாரு அழறா? கண்ணுல தூசி. பாத்தா பாக்கட்டும்... அவகிட்ட சொல்லிட்டியா?

— சொல்லாம இருப்பேனா? உடனே போன் போட்டேன். ஓன்னு அழுதா. அத்தைகிட்டயும் சொல்லிட்டா.

— அம்மாகிட்டயா? அம்மா என்ன சொன்னாங்க?

— அவங்க அவளுக்கு மேல அழுதாங்களாம். நாலு மணிக்கு டாக்டர்கிட்ட நானே தனியாப் போயிக்கறேன், நீங்க லீவு போட வேணாம்னுட்டா உங்க தங்கச்சி. போற வழியில துணி எடுக்கறாளாம். கலர் கேட்டுத்தான் இப்ப மெசேஜ்.

— கேடிடா நீ. மூணு தடவை மெஷினைச் சாய்ச்சும் விடலையே.

— மூணு தடவையும் படிக்கறதுக்குள்ளயே போயிடுச்சு. நாலாவது தடவை சமத்தா குடுத்துச்சு மச்சான். அசையக்கூட இல்ல. கை பழகிடுச்சு போல.

— நாலாவது... தடவையா?

— ஆமா. ரிசல்ட் ஃபார்மை எழுதினதே நான்தானே? அவ ரிசல்ட் எந்த இடத்துல உக்காந்திருக்கும்னு எனக்குத் தெரியும். ஒண்ணுன்னா கேன்சர் இருக்கு, பூஜ்யம்னா இல்ல. பூஜ்யம் மச்சான்!

— பேரு பாத்தியா? அவ பேரு, வயசு... பக்கத்துல?

— இல்ல, அந்த ஒரு இடத்தை மட்டும்தான் பாத்தேன். இன்னும் துழாவினா திரும்ப விழுந்து தொலைக்குமோன்னு பயம்... ஏன் மச்சான், மூஞ்சி ஏன் இப்படி ஆயிடுச்சு?

— எத்தனை மணிக்குப் பாத்த?

— எதுக்குக் கேக்கறீங்க?

— எத்தனை மணிக்குடா பாத்த!

— பதினொன்னே கால்.

— அவளுக்குப் போன் போடு. நாலு மணிக்குத் தனியாப் போகாத, நாங்க ரெண்டு பேரும் வர்றோம்னு சொல்லு. பத்து மணிக்கே நான் அந்த வழியை அடைச்சுட்டேன் மாப்ள. ஆளைக் கையும் களவுமா பிடிக்கலாம்னு உன்கிட்ட சொல்லல... அதுக்கப்புறம் யார் எட்டிப் பாத்தாலும், எந்த இடத்தைக் கேட்டாலும், மெஷின் விழாது. பூஜ்யத்தைக் குடுத்து அனுப்பிடும்.