நகல்: செயல் அலுவலருக்கு

1996 ஜூலை 17, புதன்கிழமை, காலை பத்து இருபது. வானம் மூடியிருந்தது, தூறல் விழுவதும் நிற்பதுமாக இருந்தது. தாம்பரத்துக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. ரோட்டில் ஜல்லியும் மணலும் விற்கும் ஜெயவேலு, பேரூராட்சியின் புதிய வார்டு எல்லைகளுக்கான ஆர்டர் கையெழுத்தாகிவிட்ட செய்தியை இரண்டு மணி நேரமாகத் தம்மிடமே வைத்திருந்தார். அதை முதலில் யாருக்குச் சொல்வது என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. போனில் எண்களை நிதானமாகச் சுழற்றினார்.

“அலோ... வைத்தீஸ்வரன் சார் வூடா? ... ஆமா, ஆமா, ஜெயவேலுதான். ... கோவமெல்லாம் இல்ல சார். மூணு மாசமா பேப்பருக்கு லெட்டர் எழுதிகினு கீறீங்க, எல்லாத்தையும் வெட்டி வச்சிருக்கேன். ‘ஏரிக்கரை மக்களைக் கூறு போடாதீர்.’ நல்லா கீது. ... ஏரிக்கரை முனியம்மா அங்கதான் கீதா? உட்காரச் சொன்னீங்களா? ... வாசப்பக்கமா நிக்குதா. அதானே.

“ஆங், ஆர்டர் வந்துடுச்சு. ... பொறுங்க, சொல்றேன். ஏரிக்கரை மொத்தம் இன்னா ஓட்டு? ... அறுநூத்திப் பன்னெண்டு. கரெக்ட். நீங்களும் அந்தம்மாவும் வூடு வூடா போயி எண்ணினதாச்சே. ஒரே வார்டா இருந்தா முனியம்மா கவுன்சிலர். குடிதண்ணிக் குழாயும் மொதல்ல அங்கதான் போவும், நான் பிளாட் போட்டு விக்கற லேஅவுட்டுக்கு வராது. ... ஆமா சார். மூணாத்தான் பிரிச்சிருக்கு. ... யார் சொல்லிக் குடுத்தாங்களா? நீங்கதான்.”

ஜெயவேலு வெட்டி வைத்திருந்த தாள்களை அவசரமின்றிப் புரட்டினார்.

“போன மாசத்து லெட்டர்... ஆமா, பேப்பர்ல நாலு வரிதான் போட்டான். ஆனா நீங்க அடியில ‘நகல்: செயல் அலுவலர்’னு போட்டு, முழுசையும் பேரூராட்சி ஆபீசுக்கு அனுப்பினீங்களே. ... முறைதான், தப்புன்னு நான் சொல்லல. ரயில்வே ஆபீஸ்ல முப்பது வருசம் பழகின கை. தெருவாரியா ஓட்டு, ஸ்கேல் வச்சு மேப்பு, அதுல ரெண்டு சிவப்புக் கோடு. ‘இவ்விடங்களில் பிரித்தால் இம்மக்கள் எந்த வார்டிலும் வெல்ல இயலாது, ஆகவே பிரிக்கலாகாது.’ ... எங்க வெட்டறதுன்னு ஆபீஸ்ல நம்ம ஆளுங்க ரெண்டு வாரமா மண்டையை ஒடைச்சிகினு இருந்தாங்க சார். நீங்க ஒரே கவர்ல முடிச்சுட்டீங்க. ‘ஆகவே’க்கு அப்புறம் யாரும் படிக்கல.

“... இன்னாது? நகல் அனுப்பினது முனியம்மாவுக்குத் தெரியாதா? ... அதுக்கு ஏன் கொரலைக் கொறைக்கிறீங்க? ... ஆட்சேபணைக்கு நாள் முடிஞ்சிடுச்சு. ... எழுதுங்க, தாராளமா எழுதுங்க. நகல் போட மறக்காதீங்க.

“இருங்க, கதவு தட்டறாங்களா? ... பேரூராட்சி அட்டெண்டர்தான், நம்ம ஆளு. உங்க மனுவுக்குப் பதில்னு நான்தான் கையோட அனுப்பச் சொன்னேன். ஆர்டர், பின்னாடி மேப்பு. ... புதுசா எதுக்கு வரையணும்? உங்களுதேதான், ஜெராக்ஸ். அடியில உங்க பேரைக்கூட எடுக்கல. ... அந்தம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வருமே? உங்க கையெழுத்து வேற பழக்கம். ... ஓடாதீங்க சார், வயசான காலத்துல. வாசக்கிட்ட நிக்கறவங்களே வாங்கட்டும்.”

மறுமுனையில் ரிசீவர் மேசையில் விழும் ஓசை கேட்டது. பிறகு செருப்பில்லாத கால்களின் ஓட்டம். அது பாதியில் நின்றது. ஜெயவேலு டீயை ஒரு வாய் குடித்தார்.

“அலோ... சார்... குடுத்துட்டானா? ... முனியம்மா கையிலயா?”

காகிதம் பிரிபடும் சத்தம் கேட்கும்வரை காத்திருந்துவிட்டு, அவர் போனை வைத்தார்.