டாக்டரம்மா உட்கார்ந்துட்டாங்க

— வேண்டாம் டாக்டரம்மா, உட்காராதீங்க! நின்னுக்கிட்டே சொல்லிடுங்க.

— ஏன் மாஸ்டர்? உட்கார்ந்து நிதானமாப் பேசலாமேன்னு பார்த்தேன்.

— அதான் வேண்டாங்கறேன். போன தடவை கதவுப்பிடியில கையை வச்சுக்கிட்டே, "தொண்டையில கட்டி, கேன்சர்தான், ரேடியேஷன் கரண்ட் வைக்கணும்"னு சொன்னீங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள ஆளைக் காணோம். இன்னிக்கு என்னடான்னா நாற்காலியை இழுத்துப் போடறீங்க, ஃபோனை அணைக்கறீங்க, என் வீட்டுக்காரிக்குத் தண்ணி வேற ஊத்திக் கொடுக்கறீங்க!

— ஏங்க, அவங்களைப் பேச விடுங்களேன். தைக்கறப்ப வாயில குண்டூசியைக் கடிச்சிருந்தா மட்டும்தான் இவர் கம்முன்னு இருப்பாரு, டாக்டர். நீங்க சொல்லுங்கம்மா.

— சரிம்மா. மாஸ்டர், முதல்ல ஒண்ணு கேக்கறேன். இந்த ஸ்கேனைப் பத்தி நீங்க என்ன நினைச்சுக்கிட்டிருக்கீங்க?

— போச்சுடா! என் கடைக்கு வந்து "பேன்ட் தைச்சாச்சா"ன்னு கேக்கறவர்கிட்ட, "நீங்க என்ன சார் நினைக்கறீங்க"ன்னு நான் கேட்டா, துணி பாழாப்போச்சுன்னுதானே அர்த்தம்?

— ஏங்க!

— நீ இரு. டாக்டரம்மா, ஏன் இப்படிப் பேசாம என் மூஞ்சியையே பார்க்கறீங்க?

— உங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுக்கலாம்னு...

— எதுக்கு அவகாசம்? உயில் எழுதவா? இவளே, என் கையைப் பிடி. அந்தப் பெரிய கத்தரியை மட்டும் உன் தம்பிகிட்டக் கொடுத்துடாதே. அவன் அதுல அட்டைப்பெட்டி வெட்டுவான்.

— ஐயோ, என்னங்க பேச்சு இது! டாக்டர், உங்களுக்குப் புண்ணியமாப் போகும், சட்டுன்னு சொல்லிடுங்க.

— அழாதீங்கம்மா, நல்ல செய்திதான்! வச்ச கரண்ட்ல கட்டி கரைஞ்சிருச்சு. ஸ்கேன்ல ஒண்ணுமே தெரியல.

— ஒண்ணுமேவா?

— ஒண்ணுமே இல்ல மாஸ்டர். விடாம வந்து காட்டிக்கணும், அவ்வளவுதான்.

— அடப்பாவமே! இதைச் சொல்லவா இவ்வளவு சுத்து? வராந்தாவுலயே கூவியிருக்கலாமே! கத்தரிக்கு வாரிசு வரைக்கும் யோசிச்சுட்டேனே!

— சிரிக்கறதா அழறதான்னே தெரியல. என்ன டாக்டர், இப்படிப் பண்ணிட்டீங்க?

— மன்னிச்சுக்குங்கம்மா. கேன்சர் வந்தவங்ககிட்ட எப்படிப் பேசணும்னு எங்களுக்கெல்லாம் இப்பதான் வகுப்பு வச்சாங்க. உட்காரணும், அவங்களுக்கு என்ன தெரியும்னு கேக்கணும், அவசரப்படக் கூடாது. நாடக நடிகர் ஒருத்தரை நோயாளியா உட்கார வச்சாங்க. நான் விஷயத்தைச் சொன்னதும், "என்னம்மா, பஸ் எத்தனை மணிக்குன்னு சொல்ற மாதிரி சொல்றே"ன்னு எழுந்து போயிட்டாரு.

— அந்த மனுஷன் வாயில சர்க்கரை போடணும்! ஆனா இதெல்லாம் கெட்ட செய்திக்குத்தானே?

— ஆமா. நல்ல செய்திக்கு யாரும் வகுப்பு எடுக்கல.

— இவர் கிடக்கறாரு, விடுங்க. உண்மையைச் சொல்றேன்மா. போன தடவை நீங்க போனப்புறம் நாங்க ரெண்டு பேரும் அந்தக் கதவையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். இன்னிக்கும் பயந்தோம்தான். ஆனா பயப்படறப்ப பக்கத்துல ஒரு ஆள் இருந்தாங்க.

— நிஜமாவாம்மா?

— நிஜமாத்தான்.

— அப்ப சரி. அடுத்த ரூமுக்குத் தைரியமாப் போகலாம்.

— ஏன், அங்க என்ன?

— அங்க நல்ல செய்தி இல்லம்மா. வேற எந்த டாக்டரும் வேண்டாம், நான்தான் வந்து சொல்லணும்னு அங்க இருக்கறவர் ஒரே பிடிவாதம்.

— ஓகோ! அதுக்கு இங்க வெள்ளோட்டமா? பரவாயில்ல, இனாமாவே ஒத்திகை பார்த்துக்குங்க. நல்லாத்தானே பேசினீங்க. கிளம்புங்க டாக்டரம்மா... ஏன், எழுந்திருக்கவே மாட்டேங்கறீங்க?

— நோயாளியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் பேச்சை ஆரம்பிக்கணும்னு சொல்லிக் கொடுத்தாங்க மாஸ்டர். அவரை நான் அப்பான்னுதானே கூப்பிட்டுப் பழக்கம்.